சிலிர்க்காத கிடா

மகேந்திரனின் பழைய இரும்புக் கிடங்கில் அடி வாங்காமல் வேலை பார்த்தவன் ஒருவனும் இல்லை. அவர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர்க் குழாய் தொங்கும். காலையில் வருகை அட்டை அடிக்க ஐந்து நிமிடம் பிந்தினால் முதுகில் ஒன்று. செம்புக் கம்பிக் குவியலில் ஈயக் கம்பி கலந்துவிட்டால் தொடையில் இரண்டு. குழாய் கைக்கு எட்டாத நேரத்தில் கையே போதும். சுகுமாரனுக்கு இடது காது பாதி மந்தமானது அந்தக் கையால்தான்.

கிடங்கு இருந்தது மலேசியாவில், சிலிம் ரிவரிலிருந்து தாப்பா போகும் பழைய சாலையில். ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது முனியாண்டி கோயிலும், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த நாற்பது மலிவு வீடுகளும், இந்தக் கிடங்கும்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்த சுகுமாரன் இங்கே காஸ் கட்டரால் இரும்பு அறுத்தான். ஆறு வருடம் நான்கு மாதம் அறுத்தான். அத்தனை நாளில் அவன் அட்டை ஒரு தடவைகூடப் பிந்தியது கிடையாது.

ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விடமாட்டான். வருடா வருடம் பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது மட்டும் பாஸ்போர்ட் அவன் கைக்கு வரும். பிறகு அலுவலகத்து இரும்பு அலமாரிக்குள் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பாஸ்போர்ட் எண், பெர்மிட் எண், முடிகிற தேதி, எல்லாவற்றையும் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வான். முதலாளி என்று அச்சிட்ட இடத்தில் மகேந்திரன் பெயர் இல்லை, அவர் மனைவி ஷாமினியின் பெயர்தான் இருந்தது என்பதையும் முதல் வருடமே எழுதி வைத்திருந்தான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் தெரியும். ஊர்க் கோயிலில் கிடா வெட்டுகிற குடும்பம் அவர்களுடையது. இங்கே முனியாண்டிக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் கை நடுங்கி ஒதுங்கிக்கொண்ட பிறகு, மூன்று வருடமாகச் சுகுமாரன்தான் வெட்டினான். ஒரே வீச்சு. இரண்டாவது வீச்சுக்கு அவன் கத்தியைத் தூக்கியதை யாரும் பார்த்ததில்லை. ஆடித் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறவர்கள்கூட, "வெட்டுக்கார சுகு எங்கலா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்குவார்கள்.

அந்த வருடம் ஆடி மூன்றாம் ஞாயிறன்று ஒன்பது கிடா. எட்டு முடிந்திருந்தது. கோயிலுக்கு முன்னால் மண் சேறாகிக் கால் வழுக்கியது. சுகுமாரனின் வேட்டி முழங்காலுக்குக் கீழே பழுப்பாய் விறைத்துப்போயிருந்தது. ஒன்பதாவது, மகேந்திரனுடைய கறுப்புக் கிடா. அவர் மகன் ஷர்வின் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதி, பதினோரு நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. ஷர்வின் பிழைத்து, கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தில் நின்றான்.

அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. கிடாவை நிறுத்தி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் முனியாண்டி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போதுதான் வெட்டு. மூன்று தடவை தெளித்தும் சிலிர்க்காவிட்டால் சாமி கேட்கவில்லை என்று கயிற்றை அவிழ்த்து விட்டுவிட வேண்டும்.

பூசாரி சதாசிவம் தெளித்தார். கிடா அசையவில்லை. இரண்டாம் தடவை செம்பை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் வயிற்றில் வழிந்து சொட்டியது. கிடா எதிரே கிடந்த வேப்பங்கொத்தை எட்டிக் கடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"பசி போல. மொதல்ல ரொட்டி சானாய் வாங்கிக் குடுங்க சாமி."

மூன்றாம் தடவையும் அது சிலிர்க்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. மகேந்திரன் மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் சுண்டியிருந்தது.

"வெட்டு," என்றார்.

"உத்தரவு வல்லண்ணே."

"நான் சொல்றேன். வெட்டு."

"நீங்க சொல்லி நான் இரும்பு அறுக்குறேன். இது அவரு சொல்லணும்ணே," என்று சுகுமாரன் முனியாண்டியின் சூலத்தைக் காட்டினான். கத்தியை ஈரத்தோடு சூலத்தடியில் சாய்த்து வைத்தான்.

மகேந்திரனின் அறை மந்தமான காதிலேயே விழுந்தது. சுகுமாரன் ஒரு காலைச் சேற்றில் ஊன்றி நின்றுகொண்டான். இரண்டாவது அறைக்கு உதடு கிழிந்தது.

"இந்தியாலேர்ந்து வந்த ஊர்க்காரனுக்குத் திமிர பாரு. யார் சோத்த தின்னுட்டு யார்கிட்ட சட்டம் பேசுற?"

சொல்லிக்கொண்டே மகேந்திரன் கத்தியைத் தானே எடுத்தார். அவருக்கு வெட்டத் தெரியாது. முதல் வெட்டு கழுத்துக்குப் போகவில்லை, தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. பிடுங்கி ஓங்கிய இரண்டாவது வெட்டில் கொம்பு தெறித்தது. கிடா போட்ட சத்தம் குழந்தைச் சத்தம் போல இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் கையை விட்டான். அது ரத்தத்தைப் பீய்ச்சிக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து, சேலைகளை நனைத்து, செம்பனைக் காட்டுக்குள் ஓடி மறைந்தது. ஷர்வின் கோலை விட்டுவிட்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

மகேந்திரன் கத்தியோடு திரும்பினார். எதிரில் நின்றது சுகுமாரன். தடுக்க உயர்த்திய அவன் இடது முன்கையில் கத்தி நீளமாக இழுத்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து அவரைப் பின்னால் இழுத்தார்கள்.

"நாளைக்கு நீ வேலையில இல்ல," என்று அவர் மூச்சு வாங்கினார். "ஓடிட்டான்னு ரிப்போட் போடுறேன். போலிஸ் விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போவான். எப்புடி ஊருக்குப் போறேன்னு பாக்குறேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது சுகுமாரனுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஓடிப்போனவன் என்று ஒரு ரிப்போர்ட் ஏறிவிட்டால் பெர்மிட் செத்துவிடும். பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கும், அவன் தடுப்பு முகாமில் இருப்பான். ஓடிப்போனவன் என்ற பெயர் எந்த நாட்டு வாசலிலும் கூடவே வரும். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் பாஸ்போர்ட் தன் கையில் இருக்க வேண்டும். வந்த வழியாகவே தலை நிமிர்ந்து போக வேண்டும்.

கையில் ஒன்பது தையல் போட வைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் காளியம்மா, கிடங்கில் சமையல் செய்கிறவர். வயது ஐம்பத்தாறு. இடித்துப்போட்ட அந்த லயத்திலேயே பிறந்தவர்.

"தம்பி, ஓடுனாத்தான ஓடிட்டான்னு சொல்லுவான்? நீ ஓடாத. நாளைக்குக் காலைல ஏழு அம்பதுக்கு கேட்ல போய் நில்லு. நான் போன்ல போட்டோ எடுக்குறேன். தேதி, டைம் எல்லாம் விழும்."

"உங்க வேலை போயிருமேக்கா."

"போவட்டும்லா. என்னை என்ன பண்ணுவான், பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புவானா? என் ஊரு இந்த ரோட்டுக்கு அந்தாண்ட."

திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்குச் சுகுமாரன் வாசலில் நின்றான். வேலைச் சட்டை, காலணி, கையில் அட்டை. மகேந்திரன் ரப்பர்க் குழாயோடு வந்தார். முதுகில் எத்தனை விழுந்தது என்று காளியம்மா எண்ணினார். பதினான்கு. சுகுமாரன் அட்டையை நீட்டியபடியே நின்றான்.

"வேலைக்கு வந்திருக்கேண்ணே," என்றான்.

செவ்வாய்க்கிழமை அட்டையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு, விழுந்தவனை விலாவில் மிதித்தார். அவன் எழுந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, புதன்கிழமை மறுபடி நீட்டினான். அன்று காவல் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆறு வருடம் அவன் கையால் சோறு தின்ற நாய் அது. முதலில் வாலை ஆட்டியது. மகேந்திரன் அதன் மேல் கல்லை எறிந்து ஏவியதும் வெறியெடுத்து அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. உள்ளே இரும்புக் குவியல் மேல் நின்ற மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எவரும் கீழே இறங்கவில்லை. எல்லோர் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான் இருந்தது.

அலுவலகத்து மாடி ஜன்னலில் மூன்று நாளும் ஷாமினி நின்றாள். மூன்று நாளும் ரிப்போர்ட் தாள் அவள் மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். 'ஓடிவிட்டான்' என்று எழுதிய தாளைப் பார்த்தால், ஓடாதவன் கீழே வாசலில் நிற்கிறான். தலைவலி, நாளைக்குப் பார்க்கலாம் என்று கணவனிடம் தள்ளிப்போட்டாள். ஒரு தடவை அதற்காக அவளுக்கும் விழுந்தது.

புதன் மத்தியானம், செம்பனைக் குலை வெட்டுகிற ஆட்கள் கிடாவைக் கண்டுபிடித்துக் காளியம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோள் காயத்தில் புழு வைத்திருந்தது. காளியம்மா புழுவை எடுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பினார். கிடா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுகுமாரனும் கடித்த காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

"ரெண்டும் நல்ல ஜோடி," என்றார் காளியம்மா. "ரெண்டுக்கும் பாஸ்போட் இல்ல."

வியாழக்கிழமை வாசலில் அடி விழவில்லை. பத்து மணிக்கு ஷாமினி காளியம்மா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, ஷர்வினுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். சாமிக்குன்னு வச்ச உயிரு பாதில நிக்குதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல. நீயே வந்து முடிச்சுக் குடுத்துரு. பாஸ்போட்ட கோயில்லயே கைல குடுக்கச் சொல்றேன்."

"உத்தரவு வந்தா முடிக்கிறேன் அண்ணி."

"வரும்லா," என்றாள் ஷாமினி. அவள் குரலில் உறுதி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் ஐந்து பேர்தான். மகேந்திரன், ஷாமினி, பூசாரி, காளியம்மா, சுகுமாரன். மகேந்திரனின் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டின் நீல ஓரம் தெரிந்தது. அவர் கையில், மூலையில் கிடந்த கம்பி ஒன்று இருந்தது. கூடாரக் கட்டுக்கு ஊன்றிய அரையங்குலக் கம்பி. எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பூசாரி தண்ணீரைத் தெளித்தார். கிடா நடுங்கியது. முதுகெல்லாம் மயிர் குத்திட்டு நிற்க உடம்பு முழுக்க நடுங்கியது.

மகேந்திரன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பாத்தியா. குடுத்துட்டாரு. வெட்டு." பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டவும் செய்தார். ஒரு கை நீளம்தான் இடைவெளி.

சுகுமாரன் கத்தியை எடுக்கவில்லை. குனிந்து கிடாவின் காதடியைத் தொட்டான். கொதித்தது. தண்ணீர் படுவதற்கு முன்பே அது நடுங்கிக்கொண்டிருந்ததை வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்திருந்தான். பூசாரியை நிமிர்ந்து பார்த்தான். பூசாரிக்கும் தெரிந்திருந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

ஒரு வீச்சு. அவ்வளவுதான். வெட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தால் மற்ற நான்கு பேரில் ஒருவரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"இது காய்ச்சல்ணே," என்றான். "உத்தரவு இல்ல."

"சிலிர்த்துச்சு."

"நடுங்குதுண்ணே. தண்ணி தெளிக்காமலே நடுங்கும் பாருங்க. பொய்யா வெட்டுனா அது உங்க மகன் தலையில போயி நிக்கும். நான் செய்ய மாட்டேன்."

மகன் என்ற சொல்தான் அவரை உடைத்தது. பாஸ்போர்ட் பைக்குள் போனது. கம்பி உயர்ந்தது. முதல் அடி சுகுமாரனின் வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் சுள்ளி ஒடிவது போல எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடி தோளில். அவன் மண்டியிட்டு விழுந்தான். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் காய்ந்து கறுத்திருந்த அதே மண். மூன்றாவது அடி தலைக்குக் குறி வைத்து உயர்ந்தபோது ஷாமினி குறுக்கே வந்தாள். அவர் முழங்கையால் இடித்துத் தள்ளியதில் அவள் உதடு வெடித்து ரத்தம் மோவாயில் வழிந்தது. கம்பி இறங்கிச் சூலத்தில் பட்டுக் கணீரென்று தெறித்து விழுந்தது. அதற்குள் பூசாரியும் காளியம்மாவும் ஆளுக்கு ஒரு கையாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஷாமினி ரத்தத்தைத் துடைக்கவில்லை. நேரே வந்து கணவனின் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"குடு," என்றார் மகேந்திரன்.

"கம்பெனி யார் பேருல இருக்கு?" என்று கேட்டாள். "நம்ம புள்ளைக்காக வேண்டாம்னு நிக்கிறான். அவன் கைய ஒடச்சிட்டீங்க."

தாப்பாவில் ஒரு கிளினிக்கில் கட்டுப்போட்டுக்கொண்டு, ஷாமினியின் காரிலேயே ஈப்போவுக்குப் போனார்கள். பின் இருக்கையில் காளியம்மா. வேலை முடிந்து நாடு திரும்புகிறவனுக்கு முதலாளி கையெழுத்துப் போட்டுக் இமிகிரேஷன் என்கிற குடிநுழைவு அலுவலகத்தில் தாள் வாங்க வேண்டும். வழியெல்லாம் ஷாமினி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கைய கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லு தம்பி. வேற எதுவும் வேணாம். இன்னைக்கே தாள் வாங்கித் தரேன். நீ நிம்மதியா ஊருக்குப் போ. எங்க வீட்டையும் விட்டுரு."

"சரி அண்ணி," என்றான். கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் இல்லை. விழுந்துவிட்டேன் என்பதற்கான மலாய்ச் சொல்லை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா தாள்களைப் புரட்டினார். ஷாமினி கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மா நிமிர்ந்து, மாவுக்கட்டைப் பார்த்து, கைக்கு என்ன ஆனது என்று மலாயில் கேட்டார்.

சுகுமாரன் வாயைத் திறந்தான்.

"என் கணவர் அடித்தார்," என்று ஷாமினி முந்திக்கொண்டு மலாயில் சொன்னாள். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த அம்மா அவள் உதட்டையும் பார்த்தார். பிறகு அவர் இரண்டு நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொல்லி, தொலைபேசியை எடுத்தார்.

அதனால் அவன் பயணம் இருபத்திரண்டு நாள் தள்ளிப்போனது. ஈப்போவில் போலிசில் வாக்குமூலம் கொடுத்தான். எந்தத் தேதியில் எத்தனை அடி, என்ன ஆயுதம், யார் பார்த்தது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னான். காளியம்மா நான்கு காலைகளின் படங்களையும் காட்டினார். வழக்கு இன்னும் நடக்கிறது. இரும்பு அலமாரியில் இருந்த மற்றப் பதினேழு பாஸ்போர்ட்டுகளையும் ஷாமினி அந்தந்த ஆள் கையிலேயே கொடுத்துவிட்டாள். ஷர்வினின் காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது. கிடா பிழைத்துக்கொண்டது. ஒற்றைக் கொம்போடு, தோளை இழுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி மேய்கிறது. அதை யாரும் கட்டுவதில்லை.

சுகுமாரனின் மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. இனி அவன் ஒரே வீச்சில் எதையும் வெட்ட முடியாது.

இருபத்து மூன்றாம் நாள் விமான நிலையத்தில், வரிசையில் நிற்கும்போதே தாளை மறுபடி வாசித்தான். மலாய் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, மேலிருந்து கீழாக. ஓடிப்போனவன் என்பதற்கான சொல் எந்தக் கட்டத்திலும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் 'வேலை முடிந்தது' என்று இருந்தது. மடித்து, ஒட்டுப்போட்ட அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இடது கையால் பாஸ்போர்ட்டை நீட்டினான். அதிகாரி முத்திரையைக் குத்தினார்.